ஒம்பதில் தடுக்கும் கால்

எங்கள் வீட்டு மாடிப்படி 14. போன வருஷம் ஆடி மாதம் வரைக்கும் என் மகளின் கணக்கில் அது ஏறும்போது 20, இறங்கும்போது 11. நடுவில் அப்பாயி கூப்பிட்டுவிட்டால் 30கூட ஆகும்.

அவளுக்கு எண் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாலு வயதில் 50 வரை மூச்சுவிடாமல் பாடுவாள். பள்ளியில் ஒரு மெட்டுப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தால் காபிக்கு முன்னால் இந்தக் கச்சேரி நடக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மின்விசிறியில் வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் சமையலுக்கு நடுவில், "அஞ்சு சின்ன வெங்காயம் எடுத்துட்டு வா பாப்பா" என்றேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தாள். "எத்தனை இருக்கு?" தரையில் பரப்பி விரலை ஓட்டினாள். விரல் ஒரு வேகம், வாய் ஒரு வேகம். விரல் கடைசி வெங்காயத்துக்கு வந்தபோது வாய் பதினேழில் இருந்தது. உண்மையில் இருந்தது 8. "அப்ப எத்தனை?" மறுபடியும் ஒண்ணு, ரெண்டு என்று ஆரம்பித்து இந்த முறை பதிமூணில் முடித்தாள். இரண்டு தடவையும் முகத்தில் அதே திருப்தி.

அவளுக்குத் தெரிந்தது ஒரு பாட்டு. அதில் வரும் சொற்கள் எண்களாக இருந்தது தற்செயல்.

பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். ரோஷெல் கெல்மன், காலிஸ்டெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல், குழந்தை எண்ணும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஐந்து விதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டில் திண்டாடுகிறவர்களுக்கு அதில் மூன்று போதும். சொற்கள் எப்போதும் ஒரே வரிசையில் வர வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான். கடைசியாகச் சொன்ன சொல், கடைசிப் பொருளின் பெயர் கிடையாது, மொத்தக் கூட்டத்துக்கான பதில். இந்த மூன்றாவதுதான் மலை. பெரியவர்களுக்கு அது ஒரு விதி என்றே தோன்றாது. "இத்தனை எடுத்துக் கொடு" என்று கேட்டே இதைச் சோதித்துப் பார்த்த கேரன் வின் என்ற இன்னொரு உளவியலாளர், பத்து வரை தடங்கலின்றிச் சொல்லும் குழந்தைகளில் பலருக்கு ஒன்று, இரண்டு என்ற சொற்களுக்கு மட்டுமே பொருள் தெரிந்திருப்பதைக் காட்டினார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் ஆகிறது. படித்ததும் ஒரு நிம்மதி. என் பிள்ளை மக்கு இல்லை, நான்தான் அவசரக்காரி.

பள்ளியின் மெட்டு அந்த மூன்றில் முதலாவதை மட்டும் கொடுத்திருந்தது. நன்றாகவே கொடுத்திருந்தது, குறை சொல்ல மாட்டேன். வரிசையை மனதில் ஏற்றுவதற்கு மெட்டை மிஞ்சிய வழி கிடையாது. ஆனால் அந்த மெட்டே பசை போட்டு ஒட்டியும் விட்டது. "ஆறுக்கு அடுத்து என்ன?" என்றால் ஒன்றிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் ஏழு கிடைக்கும். யூடியூப் பாட்டுகள் இன்னும் மோசம். யானை, வாத்து, ரயில் எல்லாம் எண்களைத் தூக்கிக்கொண்டு ஓடும். பிள்ளை மட்டும் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் நிற்காது. எண்ணக் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு வேண்டியதெல்லாம் நிற்கிற பாட்டு.

சரி, காலில் இருந்து ஆரம்பிப்போம் என்று மாடிப்படிக்குப் போனோம். ஒரு படி, ஒரு சொல். நான் கீழே நின்று எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு கால். விரலை ஓட்டும்போது ஏமாற்றலாம், அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். காலை அப்படி ஓட்ட முடியாது. ஒரு கால் தரையில் ஊன்றாமல் அடுத்த கால் எழும்பாது. உடம்பின் கனமே ஒன்றுக்கு ஒன்று என்ற விதியைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. எட்டு வரை அழகாக வந்தது. எட்டுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தடுக்கினாள். "ஒம்" என்று ஒரு படி, "பது" என்று இன்னொரு படி. பத்து என்று சொல்லும்போது பதினோராவது படியில் நிற்பாள்.

ஏன் ஒம்பதில் மட்டும்? இரண்டு நாள் யோசித்துவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது பிடிபட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் இரண்டு துண்டு. பத்தும் இரண்டு துண்டு. ஒம்பது ஒன்றுதான் மூன்று. சொல்லின் ஓசை அளவுக்கு வாய்பாடு சொல்லும், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த யாப்பிலக்கணம் முதல்முறையாக வாழ்க்கையில் உதவிக்கு வந்தது: ஒண்ணிலிருந்து எட்டு வரை அத்தனையும் தேமா. பத்தும் தேமா. நடுவில் ஒம்பது மட்டும் கூவிளம். எட்டுத் தேமாவில் ஏறிப் பழகிய கால் கூவிளம் வந்ததும் என்ன செய்யும்? மிச்சமிருக்கும் ஓசைக்கும் ஒரு படியைக் கொடுத்துவிடுகிறது. எழுதும்போது வரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தில் இந்த ஒழுங்கு இவ்வளவு கச்சிதமாக இல்லை (இரண்டு புளிமாவாகிவிடும்). வாயில் தேய்ந்து தேய்ந்து வந்த பேச்சுத் தமிழ்தான் எண்களைத் தாளத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது. அதனால் பிள்ளைகளிடம் எண்ணும்போது "ஒன்று, இரண்டு" என்று புத்தகத் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டேன். எழுத வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்தைத் தாண்டினால் பதினொண்ணு, பதிமூணு, பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு எல்லாம் புளிமாங்காய். "தகதிமி" என்று சொல்லிக்கொண்டே ஏறினால் ஒவ்வொன்றும் அதில் உட்கார்ந்துகொள்ளும். பன்னெண்டு மட்டும் ஒன்று குறையும், அது "தகிட". சந்தேகம் இருந்தால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது. ஆக எங்கள் படிக்கு முதல் எட்டு ஒரு நடை, ஒம்பதில் ஒரு தடுக்கல், பத்தில் ஒரு மூச்சு, பிறகு வேறு நடை. ஒம்பது வரும்போது குடத்தில் அடியை நீட்டி, "ஒம்ம்பது" என்று இழுத்து ஒரே காலில் நிற்க வைத்தேன். அவளுக்கு அது நொண்டி விளையாட்டுபோல ஆகிவிட்டது. ஒரே வாரம். அதற்கப்புறம் படி பதினாலாகவே இருந்தது.

ஆனால் "மொத்தம் எத்தனை படி?" என்று மேலே நிறுத்திக் கேட்டால், விறுவிறுவென்று கீழே இறங்கி மறுபடி எண்ணிக்கொண்டு வந்தாள். மூன்றாவது விதி இன்னும் அசையவில்லை.

இந்த இடத்தில் உதவிக்கு வந்தது நாங்கள் சின்ன வயதில் தெருவில் ஆடிய ஆட்டம். "ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்" என்று ஆரம்பிக்குமே, அது. இரண்டு பேர் கையைக் கோத்து வளைவுபோலத் தூக்கிப் பிடிப்பார்கள். மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்து வருவார்கள். சுற்றுக்கு ஒரு குடமும் ஒரு பூவும் கூடும். பத்தாவது குடத்தில் கை இறங்கி, உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். எனக்குத் தெரிந்து இதை யாரும் கணக்குப் பாடம் என்று சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகள் உண்டு. சாயங்காலம் கூட்டி வைத்து ஆட விட்டேன். எனக்கு ஆடிக் காட்டும்போது முட்டி பிடித்துக்கொண்டது தனிக் கதை.

ஆடவிட்டுப் பார்த்தபோதுதான் அதன் சூட்சுமம் புரிந்தது. அதில் எண் தனியாக வருவதே கிடையாது. குடத்தோடும் பூவோடும் ஒட்டிக்கொண்டுதான் வரும். "மூணு" என்பது மூன்றாவது இடத்தின் பெயராக இல்லாமல், மூன்று பூ என்று ஒரு கொத்தாக வந்து விழுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றே ஒன்று கூடுகிறது என்பதும் வெளியே தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பாட்டு நிற்கிறது. பத்தில் நின்று ஒரு பிள்ளையைப் பிடிக்கிறது. மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பயம் இருக்கிறதே, அதைப்போல ஒரு கணக்கு வாத்தியார் கிடைக்க மாட்டார். எட்டு வந்ததும் பிள்ளைகள் கால் வேகமெடுக்கும், ஒம்பதில் அலறல் கிளம்பும். இன்னும் எத்தனை மிச்சம் என்ற கணக்கு எல்லாருக்கும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் ஒரு மாற்றம் செய்தேன். பத்தில்தான் பிடிக்க வேண்டுமா? குடத்தைத் தட்டிக்கொண்டே இருந்து நினைத்த இடத்தில் நிறுத்தினேன். நிறுத்திய எண்ணைச் சொல்லி அத்தனை பிள்ளைகள் ஓடிவந்து ஒரு கோட்டுக்குள் நிற்க வேண்டும். அஞ்சு என்றால் அஞ்சு பேர். ஆறாவது ஆள் நுழைந்தால் அவரைத் தள்ளுவார்கள், குறைந்தால் ஒருவரைப் பிடித்து இழுப்பார்கள். முதல் நாள் வெறும் அடிதடி. ஒரு பையன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டான், அவன் அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். நாலைந்து நாளில் சண்டைக்கு நடுவே வேறு குரல்கள் வந்தன: "நீ வந்தா ஆறு ஆயிடும், போ!" இதைச் சொன்னது என் மகள் இல்லை, அடுத்த வீட்டுப் பையன். அவளுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் அம்மாவிடம் இன்னொரு தடவைகூடப் பேச்சு வாங்கலாம்.

அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தோழியிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்புபோலச் சொன்னேன். சிரித்தாள். கொரோனா விடுமுறையில் விட்டுப்போன படிப்பை மீட்பதற்காக 2022 ஜூனில் தமிழ்நாட்டில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்குமாகத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் ஆட்டமும் பாடத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்துகிறார்கள். "வீட்டுல ஒண்ணை வச்சுக்கிட்டு நீ பேசுற. முப்பது பேரும் ஒரே நேரத்துல குதிச்சா யார் சரியா எண்ணுனான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். நியாயமான கேள்வி. கூட்டத்தோடு சேர்ந்து குதிக்கும் பிள்ளை எண்ணாமலே தப்பித்துவிடும். அவள் வழி எளிமையானது: பத்துப் பேர் குதிப்பார்கள், மீதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு காலடிச் சத்தத்தை எண்ணுவார்கள். அதை அன்று ராத்திரியே வீட்டில் செய்து பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு குடத்தடியை எண்ணுவது எனக்கே 13க்கு மேல் தப்பியது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு குழப்பம். என் மகள் திடீரென்று "லாபம், ரெண்டு, மூணு" என்று படியேற ஆரம்பித்தாள். அவள் அப்பாவுக்குக் கோபம், யார் இப்படித் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது என்று. சொல்லிக் கொடுத்தது அவருடைய அம்மாவேதான். அத்தைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். களத்தில் மரக்காலால் நெல் அளந்த குடும்பம். அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணு என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள். நெல் போய், மரக்கால் போய், இன்றைக்கு இட்லிக்கு அரிசி அளக்கும் டம்ளருக்கும் அத்தை "லாபம்" என்றுதான் ஆரம்பிக்கிறார். அதுவும் வெறுமனே இல்லை, ஒரு இழுப்போடு. "லாபாம்... ரெண்டேய்..." என்று அரிசி விழும் சத்தமும் குரலும் சேர்ந்து முடியும். ஏற்றம் இறைத்தவர்களும் எத்தனை சால் ஆயிற்று என்பதைப் பாட்டில் கோத்துத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். உழைப்புக்கு நடுவில் தாளும் பேனாவும் தேட முடியுமா? உடம்பின் அசைவில் கணக்கை முடிந்து வைத்துக்கொள்வது நம் ஆட்களுக்குப் பிழைப்பாகவே இருந்திருக்கிறது.

என் கணவர் திருத்தப் பார்த்தார். நான் தடுத்தேன். லாபம் என்றால் என்ன, ஒண்ணு என்றால் என்ன? முதலில் வரும் சொல் எப்போதும் முதலில் வருகிறது, ஒரு படிக்கு ஒன்றுதான் செலவாகிறது. எண்ணுவதற்கு அவ்வளவு போதும். சொல்லப்போனால் அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. வெறும் பாட்டாக இருந்திருந்தால் முதல் சொல்லைக் கழற்றிவிட்டு வேறு சொல்லை மாட்டியிருக்க மாட்டாள்.

பக்கத்துத் தெருவில் பாட்டு வகுப்பு நடக்கிறது. தாளம் என்றாலே கணக்கு என்று நம்பி அங்கேயும் கொண்டுபோய் விட்டேன். அது என் தப்பு. ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீட்டுக்கு வந்து கையை நீட்டிக் கேட்டாள்: "அம்மா, நாலுன்னு சொல்றாங்க, விரல் மூணுதானே இருக்கு?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதுவரை அவளுக்கு விரல் என்றால் ஒண்ணு. இங்கே உள்ளங்கைத் தட்டு ஒண்ணு, சுண்டுவிரல் ரெண்டு. போதாக்குறைக்கு, வீச்சில் கை காற்றில்தான் போகிறது, சத்தமே வராது. அதையும் ஒன்றாக எண்ண வேண்டும். தாளம் எண்ணத் தெரிந்தவர்களுக்கான சொத்து. எண்ணக் கற்றுக்கொடுக்கும் கருவி என்று நாலு வயதில் அதை நீட்டினால் குழப்பம்தான். ஆறேழு வயதில் அதே குழப்பம் ருசியாகிவிடும் என்று டீச்சர் சொன்னார். அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பரதநாட்டியத்தில் காலைத் தட்டிப் பழகும் தட்டடவு பரவாயில்லை என்று தோன்றுகிறது. காலுக்கு ஒரு தட்டு, அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் மூன்று என்று கூடிக்கொண்டே போகும், தட்டுக்கழி தவறாமல் கூடவே வரும். ஆனால் முட்டியை மடக்கி நிற்கும் அரைமண்டியில் அவள் இரண்டு நிமிடம் நிற்க மாட்டாள்.

சத்தமில்லாத எண்ணிக்கை மட்டும் மனதில் தங்கிவிட்டது. பூஜ்ஜியத்தை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, உலகப்போரில் மாட்டி 1946 வரை இந்தியாவிலேயே இருந்தவர். குச்சிகளை எண்ணிப் போடுவதற்கு 0 முதல் 9 வரை அறை போட்ட பெட்டி ஒன்று அவருடைய முறையில் உண்டு. பூஜ்ஜிய அறை காலியாகவே இருக்கும். "என்னிடம் பூஜ்ஜியம் தடவை வா" என்று பிள்ளைகளிடம் சொல்லி, ஓடிவருபவர்களைத் திருப்பி அனுப்பும் விளையாட்டையும் அவர் எழுதியிருக்கிறார். நான் குடத்தோடு உட்கார்ந்தேன். "மூணு தடவை குதி." குதித்தாள். "ஒரு தடவை குதி." குதித்தாள். "பூஜ்ஜியம் தடவை குதி." ஒரு குதி குதித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். மறுபடி கேட்டேன். குனிந்து, முட்டியை மடக்கி, குதிக்கப் போகிறவள்போலப் பதுங்கி, அப்படியே நின்றாள். அந்தச் சிரிப்பை அடக்க முடியாமல் கீழே உருண்டாள். அன்றைக்குத் தூங்கும்வரை நாங்கள் எல்லாரும் பூஜ்ஜியம் தடவை குதித்துக்கொண்டிருந்தோம். அவள் தாத்தாவால் சிறப்பாக ஆட முடிந்த விளையாட்டு அது ஒன்றுதான்.

இன்னும் தொல்லைகள் இருக்கின்றன. இருபத்தொன்பதுக்கு அப்புறம் "இருபத்திப்பத்து" என்கிறாள். அதன் நியாயத்தை மறுக்க முடியவில்லை. எண்பதுக்கு அப்புறம் "ஒம்பதுபது". தமிழில் அப்படித்தானே இருந்திருக்க வேண்டும்? நூறுக்குப் பத்து குறையும்போதே நூறின் பேரைச் சூடிக்கொண்டு தொண்ணூறு வருகிறது, ஆயிரம் ஆவதற்கு முன்னால் தொள்ளாயிரம் வருகிறது. எண்பதுவரை கால் பழகிய பிள்ளைக்கு இதை எந்தத் தாளத்தில் சொல்வது? அதற்கு நான் அவசரப்படவில்லை. அவளுக்கு இப்போது தொண்ணூறு எதற்கு?

போன சனிக்கிழமை அத்தை இட்லிக்கு ஊறப்போட அரிசி அளந்துகொண்டிருந்தார். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. இவள் பக்கத்தில் உட்கார்ந்து கீழே சிந்திய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். லாபம் விழுந்தது, ரெண்டு விழுந்தது. அதற்குள் வாசலில் கீரைக்காரம்மா வந்து, அரைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் நடுவில் பேரம் நீண்டது. அத்தை பேசிக்கொண்டே இன்னொரு டம்ளரைக் கொட்டினார், வாயில் எண் வரவில்லை. திரும்பிப் பார்த்து, "எத்தனை போட்டேன்டி தங்கம்?" என்றார். பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்பாள், அல்லது லாபத்திலிருந்து ஆரம்பிப்பாள் என்று நினைத்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை.

"மூணு, அப்பாயி. இன்னும் ஒண்ணு போடு."

அத்தை கேள்வியே கேட்காமல் நாலாவதைக் கொட்டினார். நான் மட்டும் போய் ஈயச்செம்பில் இருந்த அரிசியின் மட்டத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.